கண்ணாடி வீட்டின் நாலாம் பக்கம்

குருநாதன் உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, அமெரிக்காவிலிருக்கும் ஒரு வீட்டின் அடுப்படிக்குச் சுவர் வைத்துக்கொண்டிருந்தான்.

வீடு அவன் பட்டறைப் பலகைமேல் ஒரு முழ நீளத்துக்கு நின்றது. மூன்று பக்கமும் கண்ணாடி. ஓடு இல்லை, முற்றம் இல்லை, தூண் என்று சொல்ல எட்டே எட்டு இரும்புக் கம்பி. இதையும் வீடென்று ஒருத்தன் கட்டி, அதில் குடியும் இருக்கிறானாம்.

கல்லூரி டிராயிங் சார் கொடுத்த பத்திரிகையில் மூன்று படங்கள்தான் இருந்தன. மூன்றும் மூன்று பக்கம். நாலாம் பக்கம் எப்படி இருக்குமென்று சாருக்கே தெரியாது. விசாரித்து நீங்களே செய்துகொண்டு வாருங்கள் ஆசாரி என்று சொல்லிவிட்டார்.

நாளைக் காலை பொருட்காட்சி. மாதிரி வீடு தேறினால் கல்லூரிப் பட்டறையில் நிரந்தர வேலை. தேறாவிட்டால் பழையபடி கட்டிலுக்குக் கால் கடைய வேண்டியதுதான்.

குருநாதனும் ஒரு மாதமாக விசாரிக்காத ஆளில்லை. எதற்காகக் கண்ணாடியில் வீடு என்று தெரிந்துவிட்டால், நாலாம் பக்கம் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்தான். குளிர் தேசம், வெயில் உள்ளே வர வேண்டாமா என்றார் தேவகோட்டையில், சைகோன் போய்வந்த ஒருவர். பவுசைக் காட்டத்தான், வேறெதற்கு என்றார் புதுவயல் அரிசி ஆலை லாரி டிரைவர். திருப்பத்தூர் ஓவர்சியரோ, அந்த ஊரில் திருடனே கிடையாது என்று அடித்துச் சொன்னார். ஆளுக்கொரு நியாயம். ஒன்றாவது மனசில் ஒட்ட வேண்டுமே!

கடைசியில் தன் புத்தியையே கேட்டுக்கொண்டான்.

எந்தத் தேசமானால் என்ன, எந்தப் பொம்பளை தெருவே பார்க்க நின்று குழம்பு தாளிப்பாள்? காரைக்குடியில் எந்த வீட்டை எடுத்தாலும் அடுப்படி கடைசிக் கட்டில்தான். வாசலில் யானை வந்து நின்றாலும் அங்கே தெரியாது. ஆகவே படத்தில் இல்லாத நாலாம் பக்கம்தான் அடுப்படி, அங்கே மட்டும் மரச்சுவர் என்று முடிவு செய்தான்.

நல்ல தேக்கு. நாலு நாள் இழைத்து, மயிரிழை மயிரிழையாகக் கோடு இழுத்திருந்தான். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. அவனுக்கே தன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

வெளியே பால்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார். குருநாதனே எழுந்துபோய்ப் பாலை வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு வந்தான். சற்று நேரத்தில் அவன் மனைவி சின்னக்கண்ணு காப்பியோடு வந்தாள்.

வந்தவள் மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மரச்சுவருக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டாள்.

"இங்குட்டு மட்டும் எதுக்கு இப்படி மறைச்சு வச்சிருக்கீக?"

வாயில் குண்டூசி. அவன் கரண்டி பிடித்துக் கிண்டுவதுபோல் கையைச் சுழற்றிக் காட்டினான்.

அடுப்படி என்று புரிந்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் விரல்நுனியால் மரச்சுவரைப் பிடித்து மேலே தூக்கினாள். இன்னும் பசை வைக்கவில்லை. சுவர் கையோடு வந்தது.

நாலு நாள் வேலையல்லவா! குருநாதன் பிடுங்கி வைக்கக் கையை நீட்டினான்.

அதற்குள் அவள், உடைந்தால் மாற்ற வைத்திருந்த கண்ணாடியை எடுத்து அந்த இடத்தில் இறக்கிவிட்டாள். குனிந்து கண்ணைப் பக்கத்தில் வைத்து, அடுப்படியிலிருந்து வாசல்வரை பார்த்தாள். அப்போது அவள் முகத்தில் வந்த சிரிப்பைக் கல்யாணமான இந்த ஏழு வருசத்தில் அவன் இரண்டு மூன்று தரம்தான் கண்டிருக்கிறான்.

"பொண்டாட்டி மேல எம்புட்டுப் பிரியம் இருந்தா, வீட்டையே கண்ணாடியில கட்டியிருப்பாரு அந்த மனுசன்!" என்றாள். "அந்தம்மாளுக்கும் என்னையப் போல காது கேக்காதாக்கும்?"

நீட்டிய கை அப்படியே நின்றது.

குருநாதன், ஆமாம் என்று பெரிதாகத் தலையாட்டினான். வேறென்ன செய்வான்? ஒரு மாதம் ஊர் ஊராக விசாரித்ததில் இதைவிட நல்ல காரணத்தை எவனும் சொல்லவில்லை. நாளைக்கு யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வது என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடியின் ஓரத்தில் பசையைத் தடவினான்.

பிறகு அவளைத் தாண்டி, வாசலை மறைத்து நின்ற தன் வீட்டு அடுப்படிச் சுவரைப் பார்த்தான். ஒற்றைச் செங்கல் சுவர்தான். இடிக்க ஞாயிற்றுக்கிழமை அரை நாள் போதும்.