பிரிண்டருக்கு பீர்

"தோன்யா இலாரியா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். தரையில ஊத்துங்க. பிரிண்டர் தலையில வேண்டாம்."

"தலையில ஊத்தாம கால்லயா ஊத்துவாங்க? நீ பொறக்கறதுக்கு முன்னாலருந்து நான் சால்யா பண்றேன் தம்பி. போ, போய் உன் திரையைப் பாரு."

கார்னிவலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பொலிவியாவின் ஒருரோ நகர பஸ் முதலாளிகள் சங்க அலுவலகத்தில் மேசை, நாற்காலி, கணினி எதையும் விடாமல் வண்ணக் காகிதச் சுருள் சுற்றி, பூமித்தாய் பச்சமாமாவின் பெயரால் பீர் தெளித்தாக வேண்டும். அதுதான் சால்யா. செய்யாவிட்டால் வருடம் விளங்காது. எல்லோரும் மரியாதையாகத் 'தோன்யா' என்று அழைக்கும் மூத்த ஊழியர் இலாரியா போன வருடம் மனசாரத் தெளித்ததில் மூன்று பிரிண்டர்கள் மோட்சம் அடைந்தன.

கும்பிட்டுக் கெஞ்சியது பிரிண்டர்களைக் கவனிக்கும் வில்மர். அவனுடைய ஒப்பந்தம் அன்று மாலையோடு முடிகிறது. "இந்தத் தடவை ஒரு பிரிண்டர் போனாலும் நீயும் அதோட போயிடு" என்று மேலாளர் ரோமுலோ காலையிலேயே சொல்லிவிட்டார். சால்யாவைத் தடுக்க அவருக்கும் துணிச்சல் இல்லை. பொலிவியாவில் யாருக்கும் இல்லை.

வில்மர் மடிக்கணினியோடு மூலையில் ஒதுங்கினான். அதில்தான் அந்த மென்பொருள் இருந்தது. கட்டடத்திலுள்ள எல்லாப் பிரிண்டர்களிலும் மை எவ்வளவு, தாள் எவ்வளவு என்று ஒரே திரையில் காட்டும். "வேடிக்கை பாக்க ஒரு மென்பொருள். அதை வேடிக்கை பாக்க ஒரு ஆளு" என்பது ரோமுலோவின் கருத்து.

பெரிய பிரிண்டர் பயணிகள் பட்டியலைத் துப்பிக்கொண்டிருந்தது. இலாரியா அதன் தலைக்கு மேல் பாட்டிலைச் சாய்க்கப் போனாள்.

பிரிண்டர் நின்றது.

பாட்டிலை விலக்கினாள். ஓடியது. மறுபடி கொண்டுபோனாள். நின்றது.

"உங்களைப் பாத்துப் பயப்படுது தோன்யா" என்றான் டிக்கெட் கிளார்க் குரோவர்.

"வாயை மூடுடா. பூமியம்மா என்னமோ சொல்றா."

"ஒருவேளை... தரையில?" என்றான் வில்மர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இலாரியா அரை மனதாகத் தரையில் நாலு சொட்டு விட்டாள். பிரிண்டர் குஷியாக ஓடத் தொடங்கியது. எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

சேதி மாடி மாடியாக ஏறியது; மடிக்கணினியோடு வில்மரும் பின்னாலேயே ஏறினான். எந்த அறையிலும் அதே அதிசயம்தான். மதியத்துக்குள் தரையெல்லாம் நனைந்துவிட்டது, ஒரு பிரிண்டர்கூட நனையவில்லை. மிச்ச பீர் ஊழியர்களின் தொண்டையில் இறங்கியதில் பக்தி இன்னும் கூடியது.

மாலையில் ரோமுலோ தலை நிறைய வண்ணக் காகிதத்தோடு வந்தார்.

"ஒண்ணுகூடப் போகல சார்" என்றான் வில்மர். "ஒப்பந்தம்...?"

"அதைத்தான் யோசிச்சேன். பிரிண்டரை எல்லாம் பச்சமாமாவே நேரடியாப் பாத்துக்கறா. நடுவுல நீ எதுக்கு? கார்னிவல் முடிஞ்சு வர வேண்டாம்."

"சரிங்க சார்." வில்மர் கணினியை மூடுவதற்காகக் குனிந்தான்.

பெரிய பிரிண்டர் நின்றது. பக்கத்து அறையிலும் நின்றது. "இங்கயும் நின்னுடுச்சு" என்று மேல் மாடியிலிருந்து குரல் வந்தது. பட்டியல் இல்லாமல் கிளம்ப முடியாத பஸ்கள் வாசலில் ஹாரன் அடிக்கத் தொடங்கின.

ரோமுலோ பதறிப்போய் ஒரு பாட்டிலை முழுசாகத் தரையில் கவிழ்த்தார். எதுவும் அசையவில்லை.

இலாரியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மாவுக்கு இந்தப் பையன் போறது பிடிக்கல."

"சரி, ஒரு வருசம் இருக்கட்டும்" என்றார் ரோமுலோ, கூரையைப் பார்த்து.

பிரிண்டர் ஓடவில்லை.

"கூரையில யாரு இருக்கா? கீழ பாத்துச் சொல்லுங்க" என்றாள் இலாரியா.

ரோமுலோ மண்டியிட்டார். "மூணு வருசம் தாயே. சம்பளமும் கூட்டித் தர்றேன்."

வில்மர் பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டு, 'எல்லாப் பிரிண்டரையும் ஓட்டு' என்ற பொத்தானை அழுத்தினான்.