அச்சு அசல்

"மறுபடியும் 'எஸ்' திரும்பிக்கிச்சு முதலாளி!"

மேஸ்திரி ஈனோக் நீட்டிய செப்புக் காசை ஹாக்கெட் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லா எழுத்தும் ஒழுங்காக நிற்க, 'எஸ்' மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"லண்டன்காரர்தான் சொதப்பினார்னு பாரிஸ்லேருந்து ஆளை வரவழைச்சேன். இவரும் இப்படியா?"

"கேட்டா, 'எஃகு அச்சுல எழுத்தை இடம் வலம் மாத்தித்தானே செதுக்கணும், நாலு எழுத்து சரியா வருது, அஞ்சாவதுல என்னை அறியாம வார்த்தையைப் படிச்சுடறேன், கை நேரா போயிடுது'ன்னு அழறார்."

கையால் சுத்தியல் அடிக்கிற பட்டறை என்றால் பத்துக் காசோடு தப்பு தெரிந்துவிடும். ஹாக்கெட்டின் புது நீராவி இயந்திரமோ நிமிடத்துக்கு அறுபது காசு துப்பும். அச்சில் ஒரு தப்பு என்றால் நிமிடத்துக்கு அறுபது தப்பு.

எங்கள் பர்மிங்காமிலேயே பேர் போன பொத்தான் தொழிலை மூட்டை கட்டிவிட்டு, அந்த இயந்திரத்தை நம்பி இறங்கியவர் அவர். கார்ன்வால் செம்புச் சுரங்கத்தின் ஏஜெண்ட் பென்ரோஸ், சுரங்க ஆட்களுக்குக் கூலியாகக் கொடுக்கும் காசுக்கு ஆர்டர் பேச வியாழக்கிழமை வருகிறார். மாதிரிக் காசில் ஓர் எழுத்து பிசகினாலும் ஆர்டர் போச்சு, இயந்திரம் பழைய இரும்புக்குத்தான்.

"நம்ம கெசையாகிட்ட கொடுத்துப் பாப்போமா? பொத்தானுக்குப் பூ செதுக்கிட்டிருந்தாளே, அவதான்."

"பாரிஸ்காரனே தோத்துட்டான், பொத்தான்காரி கிழிச்சுடுவாளா?"

"அவ பூவுல ஒரு இதழ்கூட இடம் மாறினதில்ல முதலாளி."

வேறு வழியில்லை. கெசையா மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வாசகம் எழுதிய தாளை வாங்கி, ஜன்னல் கண்ணாடியில் கவிழ்த்து ஒட்டினாள். பின்பக்கம் எழுத்தெல்லாம் திரும்பித் தெரிந்தது.

"ஒரு பக்கம் இங்கிலீஷ், இன்னொரு பக்கம் லத்தீன். லத்தீன் கஷ்டமா இருக்குமாம்மா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் முதலாளி."

இத்தனை நாள் இவளையா பொத்தானுக்குப் பூப்போட வைத்திருந்தோம் என்று ஹாக்கெட்டுக்கு வெட்கமாகிவிட்டது.

இரண்டு நாள் அவள் எஃகைவிட்டுத் தலை நிமிரவில்லை. வியாழக்கிழமை காலை பென்ரோஸின் கண்ணெதிரே கொதிகலன் உறுமியது, காசுகள் சடசடவென்று கூடையில் விழுந்தன. பென்ரோஸ் ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

"அச்சு அசல்!" என்றார் பென்ரோஸ். "ஒரு புள்ளிகூடப் பிசகல. யாருய்யா அந்தக் கைக்குச் சொந்தக்காரர்? அவரை விட்டுடாதீங்க, ஆர்டர் உங்களுக்குத்தான்!"

அவர் வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் ஹாக்கெட் கெசையாவுக்கான ஒப்பந்தத்தை எழுதவைத்துவிட்டார். தலைமைச் செதுக்குநர் வேலை, பாரிஸ்காரருக்குப் பேசிய அதே சம்பளம்.

"பாத்தியா ஈனோக்? படிப்புன்னா இதுதான் படிப்பு! அந்த ரெண்டு பேரும் அரைகுறை. கெசையாம்மா, அடுத்த காசுக்கு லத்தீன் வாசகத்தையும் நீங்களே யோசிச்சு எழுதிடுங்க. முதல்ல இதை நிதானமா படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கெசையா தாளைப் படிக்கவில்லை. பேனாவை வாங்கி, கொஞ்சமும் நடுங்காத அந்தக் கையால் கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு கோடு இழுத்து, அதன் குறுக்கே இன்னொரு கோடு போட்டாள்.

"எனக்கு எழுதத் தெரிஞ்சது இது ஒண்ணுதாங்க. நல்லவேளை, இதைத் திருப்பிப் போட்டாலும் தப்பு தெரியாது!"