குழுவுக்குப் பதில்

"உனக்கெல்லாம் யாரு ஸ்பேனரைக் கையில குடுத்தது? மோட்டார் போயிடுச்சு, மாத்து. இதுகூடத் தெரியாம நீ என்ன மெக்கானிக்?"

வியாழக்கிழமை காலைல கம்ப்யூட்டரைத் திறந்ததும் நான் படிச்ச முதல் மடல் இதுதான். எழுதினது கடுகு. எதுக்கெடுத்தாலும் வெடிக்கிறதால நாங்க வெச்ச பேர். திட்டு வாங்கினது போன மாசம் சேர்ந்த ஒரு பொண்ணு.

எங்களுது லிஃப்ட் மெக்கானிக்குங்க மடல்குழு. முன்னூறு பேர் இருக்கோம். நடத்துறது நான். மடல் படிக்கிற நியூஸ் ரீடர் மென்பொருள்ல திறந்தா கேள்வி, அதுக்குக் கீழே பதில், பதிலுக்குக் கீழே பதில்னு வரிசையா நிக்கும். யாரு யாரைத் திட்டினாங்கன்னு தேடவே வேண்டாம்.

அந்தப் பொண்ணு கேள்வி கேட்டது திங்கட்கிழமை. ஒரு எட்டு மாடிக் கட்டடத்துல புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கா. பழைய காலத்து லிஃப்ட். கூட்டமா ஏறினா மூணாவது மாடியைத் தாண்டறப்போ டக்குன்னு நின்னுடுது. உள்ளே இருக்கறவங்க கொஞ்சம் நகர்ந்து நின்னு பட்டனை அமுக்கினா மறுபடி கிளம்புது. ஆள் இல்லாம ஓட்டிப் பார்த்தா ஒரு கோளாறும் இல்ல.

வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா சனிக்கிழமை வேலைக்கு வர வேண்டாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாராம். வீட்ல சம்பாதிக்கிறது அவ ஒருத்திதானாம்.

படிச்சேன். டீ குடிச்சுட்டு எழுதலாம்னு எழுந்தேன், அப்படியே விட்டுப் போச்சு. மத்தவங்களும் படிச்சிருப்பாங்க. புதன்கிழமை ராத்திரி வரைக்கும் அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு வரி கிடையாது. முதல் பதிலே இந்தக் கடுகோடதுதான்.

அவனும் நானும் ஒரே கம்பெனில பத்து வருஷம் வேலை பார்த்தவங்க. நான் ஆளுங்க போற லிஃப்ட், அவன் சரக்கு லிஃப்ட். ஒரு வாய்த்தகராறு முத்திப்போய் ஆறு வருஷமா பேச்சு இல்ல.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம். மோட்டாராம், மோட்டாரு. மோட்டார் போயிருந்தா ஆள் இல்லாம மட்டும் எப்படிடா ஓடும்?

தட்ட ஆரம்பிச்சேன். துணிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தா.

"அந்தக் கீபோர்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒரு சின்னப் பொண்ணை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கான். சும்மா விடச் சொல்றியா?"

விடலை. அவன் சொன்னதை வரிக்கு வரி கிழிச்சேன். கூட்டம் ஏறினா கூண்டு ஒரு பக்கமா சாயுது, சாயறப்போ மூணாவது மாடிக் கதவுப் பூட்டோட ரோலரை உரசுது, உரசினதும் கரண்ட் கட்டாகுதுன்னு எழுதினேன். கூண்டை அது ஏறி இறங்கற தண்டவாளத்தோட பிடிச்சிருக்கிற ஷூ தேய்ஞ்சிருக்கும், அதை மாத்திட்டு ரோலரைக் கொஞ்சம் தள்ளி வை, அரை நாள் வேலைதான் தங்கச்சின்னு முடிச்சேன்.

மத்தியானத்துக்குள்ள நாப்பத்திரெண்டு பதில். அதுல ஆறு பேர் நான் சொன்னதையே சொல்லியிருந்தாங்க. மத்தவங்க அத்தனை பேரும் கவலைப்படாதே தங்கச்சி, நாங்க இருக்கோம்னு எழுதியிருந்தாங்க. ஒரே காலைல அவளுக்கு நாப்பது அண்ணன் முளைச்சாச்சு. கடுகைக் குழுவை விட்டு விரட்டச் சொல்லி எல்லாரும் ஒத்தக் கால்ல நின்னாங்க.

எனக்கு அதுக்கு மேல சொல்லணுமா? ரெண்டே க்ளிக், ஆளைக் குழுவை விட்டுத் தூக்கியாச்சு. ஆறு வருஷத்து ஆசை தீர்ந்துச்சு. அன்னிக்கு மத்தியானச் சாப்பாடு எனக்கு அவ்வளவு ருசியா இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பொண்ணோட மடல் வந்துச்சு. நன்றி சொல்றாளாக்கும்னு மனைவியையும் கூப்பிட்டேன். அவளுக்கும் நம்ம பெருமை தெரியட்டுமே.

"அண்ணா, லிஃப்ட் ஓடுது. எட்டு பேரை ஏத்திப் பார்த்துட்டேன், நிக்கவே இல்ல. சூப்பர்வைசர் நாளைக்கு வரச் சொல்லிட்டார். என்னால உங்களைத் தூக்கிட்டாங்களேன்னுதான் மனசே சரியில்ல."

எனக்கு ஒண்ணும் புரியலை. யாரைத் தூக்கிட்டாங்க? என்னையா?

அப்புறம்தான் உறைச்சுது. கடுகு தனியா அனுப்பின மடலுக்கு அவ பதில் எழுதியிருக்கா. எழுதினவருக்கு மட்டும்னு அனுப்ப வேண்டியதை, பக்கத்துல இருக்கிற 'குழுவுக்குப் பதில்' பட்டனை அமுக்கி முன்னூறு பேருக்கும் அனுப்பிட்டா. அவளோட வரிகளுக்குக் கீழே கடுகு புதன்கிழமை எழுதின மடல் ஒரு எழுத்து குறையாம ஒட்டிக்கிட்டு வந்திருக்கு.

மனைவி என் தோளுக்கு மேல குனிஞ்சு சத்தமாப் படிச்சா.

"யாரும் பதில் போடலைன்னு அழாதே தங்கச்சி. உன் லிஃப்ட் எனக்குப் பழக்கமில்ல. ஆனா எங்க குழுவைப் பத்தித் தெரியும். கேள்வி கேட்டா ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க, தப்பா ஒண்ணு சொன்னா திருத்த ஓடி வருவாங்க. நாளைக்குக் காலைல உன்னைக் கன்னாபின்னான்னு திட்டி, வேணும்னே ஒரு தப்பான பதிலைப் போடறேன். மனசுல வெச்சுக்காதே. என்னைத் தூக்கினாலும் தூக்குவாங்க, தூக்கட்டும். உன் வேலை நிலைக்கணும்."

போதும்னு சொன்னேன். இன்னும் ரெண்டு வரி இருக்கேன்னு அவ தொடர்ந்து படிச்சா.

"குழுவை நடத்துறவனுக்குப் பதில் நல்லாவே தெரியும், பழைய லிஃப்ட்ல அவனை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா கேட்டா சொல்ல மாட்டான், என் மேல கோபம் வந்தாத்தான் சொல்லுவான்."