றன்னர் வேண்டாம்

“எனக்கு றன்னர் வேண்டாம்,” என்றார் றொசாந்தன்.

விக்கெற்றுக்குப் பின்னால் நின்ற நௌஷாட்டுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை.

எருக்கலம்பிட்டி அணிக்கு அவன்தான் கப்டன். இரண்டு வருடம் கட்டாரில் இருந்துவிட்டுப் போன கிழமைதான் வந்திருந்தான். இந்த மனிதரோடு இன்றைக்கும் சண்டை பிடிக்கவேண்டி வரும் என்று நினைத்துக்கொண்டுதான் தோட்டவெளி மைதானத்துக்குள் இறங்கினான்.

மிதிவெடியில் இடது காலை இழந்தவர் றொசாந்தன். பொய்க்காலை ஊன்றி நின்று அடிப்பார். தம்பி மில்ரன் றன்னராக நின்று அவருக்காக ஓடுவான். சர்வதேசப் போட்டிகளில் றன்னரை நிறுத்திய பிறகும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

“றன்னரை எடுத்தாங்கள். ரெண்டு பக்கமும் புதுப் பந்து குடுத்தாங்கள், பந்து பழசாகி வளையிற வடிவும் போச்சு. இனி ஆர் அம்பது ஓவர் பாக்க வருவான்?”

வருடா வருடம் நடுவர்களோடு இப்படி வாதாடித்தான் மில்ரனை உள்ளே கொண்டுவருவார். மற்றப் போட்டிகள் எல்லாம் இருபது ஓவருக்கு மாறிவிட்டன. கோயில் திருவிழாவுக்கு நடக்கும் இந்த ஒன்று மட்டும் ஐம்பது ஓவராக இருப்பது அவருடைய பிடிவாதத்தால்தான்.

“எங்களுக்குப் பிரச்சினை இல்லை அண்ணன். வேணுமெண்டா எங்கட பெடியன் ஒருத்தனையே ஓட விடுறன்,” என்றான் நௌஷாட்.

“ரூல் ரூல்தானே. பந்தைப் போடச் சொல்லு.”

நௌஷாட் சுற்றிப் பார்த்தான். மில்ரனைக் காணவில்லை. கடல் தொழிலுக்குப் போயிருப்பான், அதுதான் இவர் சட்டம் பேசுகிறார் என்று நினைத்தான். மனம் ஏனோ சப்பென்று போனது.

முதல் இரண்டு பந்துகளும் எல்லைக்குப் போயின. மூன்றாவதற்கு அவர் ஒரு எட்டு முன்னால் வைத்து, இரண்டு பேருக்கு நடுவால் தட்டிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஓடக்கூடிய ஒரு ஓட்டம்.

“மில்ரன், ஓடு.”

சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பினார். றன்னர் நிற்கும் இடம் அது. அங்கே நடுவராக நின்ற டினேஷ் மட்டும் இருந்தான், அவருடைய ஊர்க்காரன்.

எதிர்முனைத் துடுப்பாட்டக்காரன் அசையவில்லை. மைதானத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பந்து நௌஷாட்டின் கையுறைக்குள் வந்து விழுந்தது. றொசாந்தன் கோட்டுக்கு வெளியே, அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றார்.

டினேஷ் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான்.

“உனக்குத் தெரியாதென்ன. மில்ரன் ஆனி மாசம் கடலுக்குப் போனவன். வள்ளம் மட்டும்தான் கரைக்கு வந்தது.”

நௌஷாட் கையைக் கீழே விட்டான். பந்தைப் பேசாமல் பந்து வீசுபவனிடம் எறிந்துவிடலாம் என்று இருந்தது.

“தட்டு,” என்றார் றொசாந்தன், திரும்பாமலே. “ஓட ஆள் இல்லாட்டி அவுட்தான்.”

நௌஷாட் குனிந்து பந்தை விக்கெற்றில் மெதுவாக வைத்தான்.

விக்கெற்றின் மேலிருந்த பெயில் விழவில்லை. இன்னொரு தடவை தட்டவேண்டியிருந்தது.