சார்ஜ் இல்லாத போன்

"அந்த பாலகுமார் சாருக்கு மட்டும் உங்க பொண்ணைக் குடுத்துடாதீங்கம்மா!"

வாசலில் நின்றவளுக்கு முப்பது வயது இருக்கும். களையான முகம், கசங்கிய சேலை, கையில் உயிரில்லாத ஒரு செல்போன். கதவைத் திறந்த மங்களத்தின் பின்னால் மகள் கிருத்திகாவும் வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை அவளுக்கும் பாலகுமாருக்கும் நிச்சயதார்த்தம்.

எதிர்வீட்டு மௌரீன் ஜன்னலைத் திறப்பதற்குள் மங்களம் வந்தவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு வாய்க்குப் போனால் ஊருக்கே போன மாதிரி.

"யாரும்மா நீ?"

"சின்னத்தாயி. கனகபுரா தாண்டி மலைமேல எங்க ஊரு. தங்கச்சி, இதைக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா?"

கிருத்திகா போனை வாங்கிச் சொருகினாள். கனகபுரா! மின்வாரிய இன்ஜினியரான பாலகுமாருக்கு அந்தப் பக்கம்தான் வேலை. வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தவள், அவன் சிரிப்பைப் பார்த்துத்தான் தலையாட்டியிருந்தாள்.

'கல்யாணம் ஆன கையோட பெங்களூருக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிடணும்' என்று அம்மா போட்ட நிபந்தனைக்கும் அவன் மறுபேச்சு பேசவில்லை. அப்போது இனித்த அந்தச் சம்மதம் இப்போது உறுத்தியது. எதை விட்டு ஓடிவர அத்தனை அவசரம்?

"ஏன் குடுக்கக் கூடாது? குடிப்பாரா?" என்றாள் மங்களம்.

சின்னத்தாயி சற்று யோசித்தாள். "குடிப்பாரும்மா."

"சீட்டு ஆடுவாரா?"

"அதுவும்தான்."

"சாப்பாடெல்லாம் எங்க?"

"மத்தியான ஊட்டா எங்க வீட்லதான்." இதை மட்டும் அவள் யோசிக்காமல் சொன்னாள்.

மங்களம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பகல்ல போனே எடுக்க மாட்டேங்கறானேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'மலையில டவர் கெடைக்காதும்மா'ன்னு வக்காலத்து வாங்கினியேடி!"

அதற்குள் உயிர் வந்த செல்போன் அலறியது. திரையில் 'பாலா சார்'. கிருத்திகா எடுத்துக் காதில் வைத்தாள், வாய் திறக்கவில்லை.

"எங்க போயிட்டீங்க? காலையிலேருந்து போன் ஆஃப்!" அவன் குரலேதான். "வெள்ளிக்கிழமை மட்டும் நான் வரமாட்டேன். பாப்பாகிட்ட பக்குவமா சொல்லுங்க, இல்லேன்னா அழுவா. சனிக்கிழமை விடிஞ்சதும் அங்க இருப்பேன். விட்டுட்டுப் போயிட மாட்டேன், போதுமா?"

கிருத்திகா இணைப்பைத் துண்டித்தாள்.

"பாப்பா யாரு?"

"எம் பொண்ணு. அஞ்சாவது படிக்கிறா."

"அவளோட அப்பா?"

"எம் புருஷன்தான். குவாரியில கல்லு உடைக்கிறாரு. ஏன் தங்கச்சி?"

"அப்போ பாலகுமார் உங்களுக்கு யாரு? அவரு ஏன் உங்களை விட்டுட்டுப் போக மாட்டேன்னு சொல்றாரு?" கிருத்திகாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் சின்னத்தாயிக்குத் தாளவில்லை. பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். "அய்யோ, அழாத கண்ணு. குடி, சீட்டு எல்லாம் பொய். அவரு மாதிரி மனுஷன் எங்கயும் கெடைக்க மாட்டாரு."

"பின்னே எதுக்குடி இவ்வளவு தூரம் வந்து கல்யாணத்தைக் கெடுக்கிறே?" மங்களம் சீறினாள்.

"எங்க ஊருக்குக் கரண்டுக் கம்பம் நட்டாச்சும்மா, கம்பிதான் பாக்கி. இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு இன்ஜினியருங்களும் கல்யாணம் கட்டுன கையோட பெங்களூருக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டுப் போயிட்டாங்க. இவரு ஒரு நாள் வரலேன்னாலும், இவரும் போயிட்டாருன்னு பாப்பா அழுவா."

சின்னத்தாயி மங்களத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவரையாவது எங்க வீட்ல லைட்டு எரியற வரைக்கும் விட்டுவைங்கம்மா!"