நாற்பது ஊர்க் கடுக்காய்

செடிகொடிகளின் மரபணுவைச் செயற்கை நுண்ணறிவால் அலசும் விஞ்ஞானி இளஞ்செழியனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சின்னக்கண்ணு, கல்வராயன் மலையில நாப்பது ஊருக்குப் போய்க் கடுக்காய் இலை பறிச்சாந்தியே, அது அத்தனையும் ஒரே தாய் மரத்தோட வம்சம்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிருக்கு. எனக்கு விருது குடுக்கறாங்கய்யா!"

கூலிக்கு இலை பறித்த சின்னக்கண்ணு வாசலில் நின்றபடியே தலையைச் சொறிந்தார்.

"கில்லாடி கம்ப்யூட்டருங்க. அன்னிக்கு மழை கொட்டிக்கினு இருந்துச்சுங்களா, வெள்ளிமலை பஸ் ஸ்டாண்டு பின்னால இருக்கிற ஒத்தை மரத்துலயே நாப்பது ஊர் பேர் போட்ட கவருக்கும் பறிச்சுட்டேங்க."

இளஞ்செழியன் எழுந்து கதவைச் சாத்தினார். முதல்முறையாகச் சின்னக்கண்ணுவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கண்ணே. அந்த மரத்த யாரும் வெட்டிடலையே?"

"இல்லீங்க."

"அப்பாடா! அடுத்த ஆராய்ச்சிக்கு எண்பது ஊர் இலை வேணும்."