வியாழக்கிழமை மனிதர்

"அண்ணை, அந்த ஆள் இண்டைக்கும் வந்திட்டார்," என்று வசந்தினி வாக்கிடாக்கியில் மெல்லச் சொன்னாள். மொன்றியலில் ஓர் அருங்காட்சியகத்தில் அவளுக்குக் காவல் வேலை.

"என்ன செய்யிறார்?" என்றார் மேற்பார்வையாளர் நிர்மலன்.

"அந்த மணிப் பட்டிக்கு முன்னால நிண்டு வாய்க்குள்ள எண்ணுறார். கமரா திரும்புற நேரத்தை எண்ணுறார் போல."

"வெளிக்கிடேக்கை மறிச்சு விசாரி. பதிவேட்டிலயும் எழுது."

ஆறு வியாழக்கிழமைகளாக, 'சந்தேகத்துக்குரியவர்' என்ற கட்டத்தில் நரைத்த பின்னலும் நீலச் சட்டையும் என்று அவரைத்தான் எழுதி வருகிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, முந்நூறு வருடத்துக்கு முன் பிரெஞ்சுக்காரரோடு சமாதானம் பேசியபோது பூர்வகுடிகள் சிப்பி மணிகளால் நெய்த பட்டி.

அவர் திரும்பியதும் வசந்தினி வழியை மறித்தாள்.

"என்ன எண்ணுகிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"மணிகளை."

"உங்களுக்கு ஏன் அது?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழுப்புத் தாளின் நகலை எடுத்து விரித்தார். இதே அருங்காட்சியகத்தின் முத்திரை. கீழே 1912 என்றிருந்தது.

"ஆற்றுக்கு அக்கரைதான் எங்கள் ஊர். என் பாட்டனாரின் தகப்பன் கண்காட்சிக்கென்று இந்தப் பட்டியை இரவல் கொடுத்தார். மூன்று மாதத்துக்கு."

"திருப்பிக் கேட்கவில்லையா?"

"வருடம் தவறாமல் கேட்கிறோம். தருகிற வரைக்கும் மணி குறையாமல் இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே."

அவர் போனபின் நிர்மலனின் குரல் வந்தது. "என்ன தங்கச்சி, விசாரிச்சனியே? எழுதினனியே?"

"இப்ப எழுதுறன் அண்ணை."

வசந்தினி பதிவேட்டைத் திறந்தாள். 'சந்தேகத்துக்குரியவர்' என்ற கட்டத்தில் அருங்காட்சியகத்தின் பெயரை எழுதினாள்.